வாசகர் கேள்வி: அதே 30 செக்கனுக்கு ஏன் இத்தனை விலை?

கேள்வி: ஐயா, சுன்னாகத்தில் புடவைக்கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு ரீவியில் விளம்பரம் போடலாம் என்று இரண்டு சனல்களில் விசாரித்தேன். ஒருவர் சொன்ன விலையில் மற்றவர் கால்வாசிதான் கேட்கிறார். ஒரே சனலிலேயே மத்தியானத்துக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை. 30 செக்கன் எங்கேயும் 30 செக்கன்தானே? எதை வைத்து விலை போடுகிறார்கள்?
— புடவைக்கடைக்காரர், சுன்னாகம்

பதில்: தம்பி, நீங்கள் காசு கட்டுவது அந்த நேரத்தில் ரீவிக்கு முன்னால் இருக்கிற ஆட்களுக்கு. எங்கள் வீட்டையே பாருங்கள். பின்னேரம் மூன்று மணிக்கு ரீவி ஓடும். முன்னால் அம்மா மட்டும் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருப்பார். இரவு எட்டு மணிக்கு அதே ரீவிக்கு முன்னால் புட்டுக் கோப்பையோடு ஆறு பேர். விளம்பரத்தில் ஒரு சீலை வந்தால் மருமகள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "மாமி, அந்தக் கரையைப் பாருங்கோ" என்பாள். அந்த ஆறு பேருக்கும் மருமகளின் அந்த ஒரு வார்த்தைக்கும்தான் இரவு விலை.

கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பதினெட்டு வருடம் சனல்களிடம் நேரம் வாங்குவதுதான் என் வேலை. விலைப்பட்டியலைக் கையில் வாங்கியதும் நாங்கள் முதலில் பார்ப்பது ரேட்டிங். யாருக்கு விற்க நினைக்கிறோமோ அவர்களில் நூற்றுக்கு ஒருவர் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தால் அது ஒரு புள்ளி. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: இரவுச் செய்திக்கு இடையில் 40,000 ரூபாய், ரேட்டிங் 4 புள்ளி, மத்தியான நிகழ்ச்சிக்கு 15,000 ரூபாய், ரேட்டிங் 1 புள்ளி. வகுத்துப் பாருங்கள். இரவில் புள்ளிக்கு 10,000, மத்தியானத்தில் 15,000. மலிவு என்று நினைத்து வாங்கினது விலை கூடினதாகிவிடும். அதனால் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைக்காதீர்கள். பார்ப்பவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எவ்வளவு என்று கேளுங்கள். உங்களுடையது புடவைக்கடை.

சரி, இரண்டு சனலுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருவோம். முதலாவது நாடு முழுக்கத் தெரியும் தமிழ்ச் சனல், மற்றது யாழ்ப்பாணத்துக் கேபிள் சனல் என்று எடுத்துக்கொள்கிறேன். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் 2 கோடிக்குச் சற்று மேல் மக்கள். தமிழ் பேசுகிறவர்கள் மலையகத்தாரையும் முஸ்லிம்களையும் சேர்த்து ஏறக்குறையக் கால்வாசி. யாழ் மாவட்டத்தில் இருந்தவர்கள் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். அதாவது தமிழ் பேசுகிறவர்களில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. முதலாவது சனலுக்கு நீங்கள் கொடுக்கும் காசில் பெரும் பங்கு ஹற்றனிலும் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பார்ப்பவர்களுக்குப் போகிறது. தீபாவளிச் சீலை எடுக்க அவர்கள் சுன்னாகத்துக்கு பஸ் ஏறப் போவதில்லை. சவர்க்காரக் கொம்பனிக்கு அந்தக் காசு வீண் இல்லை, அதன் சாமான் ஒவ்வொரு ஊர்ப் பெட்டிக்கடையிலும் இருக்கிறது. உங்களுக்கு மல்லாகமும் தெல்லிப்பழையும் இணுவிலும் பார்த்தால் போதும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் யோசிக்காமல் உள்ளூர்ச் சனலுக்குத்தான் போவேன்.

காலமும் விலையை ஏற்றும். ஒரு இடைவேளைக்குள் இத்தனை விளம்பரம்தான் கொள்ளும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் நகைக்கடை, புடவைக்கடை எல்லாம் ஒரே இரவு நேரத்துக்கு வந்து நிற்கும்போது கழிவு கேட்டு வாங்குவது கஷ்டம். இப்போதே பேசி எழுத்தில் வாங்கி வையுங்கள். 15 செக்கன் போட்டால் பாதி விலை என்றும் எண்ண வேண்டாம், வழக்கமாகப் பாதிக்கு மேலேதான் வரும். இடைவேளையில் முதல் விளம்பரமாக வர வேண்டும் என்றால் அதற்கும் தனியாகக் கேட்பார்கள்.

அப்புறம் வரி. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். சொன்ன விலை வரியோடா, வரி இல்லாமலா என்று கேட்காவிட்டால் இலட்சம் ரூபாய்க்கு 18,000 மேலே வந்து நிற்கும். படம் பிடிக்கும் செலவும் வேறு. கடையையும் உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளையும் காட்டி எடுங்கள். சினிமாப் பாட்டை அனுமதி இல்லாமல் பின்னால் போட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். "பத்து போட்டால் ஐந்து இலவசம்" என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை நம்பி, யாழ்ப்பாணத்து நகைக்கடைக்காரர் ஒருவருக்கு வாங்கிக் கொடுத்தேன். எந்த நேரத்தில் ஓடும் என்று நான் எழுதி வாங்கவில்லை. இரண்டு கிழமை கழித்து முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "தம்பி, எங்கட விளம்பரத்தை மகள் பார்த்தவள். இரவு ஒரு மணிக்கு, ஏ.எல் சோதனைக்குப் படிச்சுக்கொண்டிருக்கேக்கை" என்றார். ஐந்தும் நடுச்சாமத்தில்தான் ஓடியிருக்கின்றன. அந்த மனிதரின் காசுக்கு நான்தான் பொறுப்பு; இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது. அதற்குப் பிறகு, எந்த நாள் எத்தனை மணிக்கு ஓடியது என்று சனல் எழுதித் தரும் ஒளிபரப்புச் சான்றிதழைப் பார்க்காமல் ஒரு பில்லுக்கும் நான் காசு கட்டவிட்டதில்லை. நீங்களும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: வீட்டில் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் செய்து விற்கிறேன். மாதம் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்க முடியும். ரீவி விளம்பரம் சரிவருமா?
— இல்லத்தரசி, பருத்தித்துறை

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி. ஒரு விளம்பரம் மனதில் நிற்க வேண்டுமானால் திரும்பத் திரும்ப வர வேண்டும். இந்தக் காசில் இரண்டு மூன்று தரம் ஓடிவிட்டு முடிந்துவிடும், படம் பிடிக்கவே அது காணாது. அந்தப் பத்தாயிரத்தில் நல்ல பைக்கற்றும் லேபிளும் அடியுங்கள். கூழ் காய்ச்சும் அளவுக்குச் சின்னப் பைக்கற்றாகக் கட்டி நெல்லியடியில் நாலு கடைக்குக் கொடுங்கள். உள்ளூர்ச் சனலில் சமையல் நிகழ்ச்சி இருந்தால் கூழ்ச் சட்டியோடு நேரே போய் நில்லுங்கள், காசு கேட்பார்களா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடிப்பிறப்பு நேரத்தில் மட்டும், திரையின் அடியில் ஓடும் எழுத்து விளம்பரத்துக்கு விலை கேட்டுப் பார்க்கலாம். அது விளம்பரப் படத்தைவிட நன்றாகக் குறையும். போடுவதானால் தொலைபேசி இலக்கத்தை இரண்டு தரம் ஓடவிடச் சொல்லுங்கள். பேனை தேடி எடுக்க ஆட்களுக்கு நேரம் வேண்டும்.