ஆசிரியை பதில்கள்: பள்ளிக்குப் பத்து வயது

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி, பத்தாவது ஆண்டைத் தொடும் தனியார் பள்ளிகளைப் பற்றித்தான். பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் அப்படியொரு பள்ளியில் வகுப்பாசிரியையாகவும், பிறகு தலைமையாசிரியையாகவும் இருந்தவள் நான். அதனால் நாலு கடிதங்களை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகளின் பள்ளியில் பத்தாம் ஆண்டு மலர் கொடுத்தார்கள். 182 பிள்ளைகளோடு தொடங்கி இன்று 1,400 பேராம். இது நல்ல வளர்ச்சிதானா? (ஒரு தாய்)

பதில்: 1,400 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. எத்தனை பிரிவுகள் என்று கேளுங்கள். மழலையர் வகுப்பு இரண்டு, அப்புறம் ஒன்று முதல் ஐந்து வரை. வகுப்புக்கு ஒரு பிரிவு என்று தொடங்கியிருந்தால் அறைக்கு 26 பேர். வருஷத்துக்கு ஒரு வகுப்பு கூடினால் ஏழு வருஷத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிடும். வளர்ச்சியில் ஒரு பங்கு இப்படித் தானாகவே நடந்துவிடுகிறது. இன்று பதினான்கு வகுப்புகள். ஏ, பி என்று இரண்டே பிரிவு என்றால் 28 அறைகள், அறைக்கு 50 பேர். மொத்தம் 40 பிரிவுகள் என்றால் 35 பேர். மலரில் இரண்டுமே 1,400தான். உங்கள் மகளுக்கு இரண்டும் வேறு வேறு பள்ளிகள்.

"அதற்குத்தான் துணை ஆசிரியர் போட்டிருக்கிறோமே" என்பார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை 79 பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிறு குழந்தைகளில் சிலரை 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பிலும், சிலரை 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பிலும், இன்னும் சிலரை அதே பெரிய வகுப்பில் துணை ஆசிரியரோடும், குலுக்கல் முறையில் சேர்த்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். துணை ஆசிரியர் இருந்ததால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. அங்கே பெரிய வகுப்பு என்பதே 25 பேர்தான் என்பதையும் கவனியுங்கள்.

இன்னொன்று. மலரில் முதல் வருஷ ஆசிரியர்களின் குழுப் படம் இருக்கும். அதில் எத்தனை பேர் இன்னும் பாடம் நடத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். பள்ளியில் இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. பள்ளி பெரிதாகும்போது நன்றாகப் பாடம் எடுப்பவரைத்தான் முதலில் ஒருங்கிணைப்பாளர் ஆக்குவார்கள். அவர் கையில் சாக்பீஸ் போய் சுற்றறிக்கை வரும். அவருடைய வகுப்புக்குப் புதிதாகச் சேர்ந்தவர் போவார். இதை எந்த மலரிலும் போட மாட்டார்கள்.

கேள்வி: இருபாலர் பள்ளி என்று பெயர். பத்து வருஷமாகியும் எங்கள் பள்ளியில் பையன்கள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம்தான். இது மாறாதா? (ஓர் அறிவியல் ஆசிரியை)

பதில்: நீங்கள் அறிவியல் ஆசிரியை என்பதால் ஆய்வகத்திலிருந்தே தொடங்குகிறேன். கலந்து குழு போட்டால் என்ன நடக்கிறது? திரவத்தை அளந்து விடும் பியூரெட் குழாயைப் பையன் பிடிப்பான், அளவுகளைப் பெண்பிள்ளை குறித்துக்கொள்வாள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியே வருஷம் முழுக்க ஒரு பெண்ணைக் குறிப்பெடுப்பவளாக வைத்திருப்பார்கள். பிறகு செய்முறைத் தேர்வில் அவள் கை நடுங்கினால் "பயந்த சுபாவம்" என்று எழுதிவிடுவோம். மருந்து எளிது: கருவி யாரிடம், நோட்டு யாரிடம் என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். வாராவாரம் மாற்றுங்கள். அறிவுரையைவிடப் பட்டியல் நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது வருகைப் பதிவேடு. பையன்களின் பெயர்கள் முடிந்த பிறகு பெண்களின் பெயர்கள் என்று எழுதும் வழக்கம் உங்கள் பள்ளியிலும் இருந்தால், அகர வரிசைப்படி மாற்றச் சொல்லுங்கள். தேர்வு இருக்கை, பரிசு வரிசை, சுற்றுலா வண்டியில் இடம் என்று எல்லாமே அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் போடப்படுகின்றன. அங்கே ஒரு கோடு போட்டுவிட்டால் வருஷம் முழுக்க அது எல்லா இடத்திலும் தெரியும்.

மைதானம் இன்னும் மோசம். ஒரு பந்து வந்தால் போதும், மைதானம் முழுவதும் பையன்களுடையதாகிவிடும். பெண்பிள்ளைகள் சுவரோரமாக நடந்துகொண்டிருப்பார்கள். "அவர்களுக்கு விளையாட விருப்பமில்லை" என்று உடற்கல்வி ஆசிரியர் சொல்வார். வாரத்தில் இரண்டு நாள் பந்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு, ஒரு பருவம் கழித்து அவரிடமே மறுபடியும் கேளுங்கள்.

நான் தலைமையாசிரியையாக இருந்தபோது வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியர் யாரைக் கேள்வி கேட்கிறார் என்று இரண்டு பத்தியில் கோடு போடுவேன். எல்லாரையும் சமமாகத்தான் நடத்துகிறோம் என்று உண்மையாகவே நம்பியவர்கள், அந்தத் தாளைப் பார்த்ததும் பேசாமல் இருந்தார்கள். மைரா சாட்கர், டேவிட் சாட்கர் என்ற அமெரிக்கத் தம்பதி 1980-களில் பல வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்ததும் ஏறக்குறைய இதைத்தான்: ஆசிரியரின் கவனம் பையன்கள் பக்கமே அதிகம் போகிறது, அது ஆசிரியருக்கே தெரிவதில்லை.

பத்து வருஷம் போதாதா என்கிறீர்கள். இங்கிலாந்தில் பீடேல்ஸ் பள்ளி 1893-ல் தொடங்கி, ஐந்தே வருஷத்தில், 1898-ல், பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதே நாட்டில் மார்ல்பரோ கல்லூரி என்ற பழைய பள்ளி 1968-ல் மேல் வகுப்புகளுக்கு மட்டும் பெண்களை எடுத்தது. எல்லா வகுப்புகளுக்கும் எடுக்க 1989 ஆயிற்று, இருபத்தோரு வருஷம்! சேர்க்கையைத் திறக்கவே அவ்வளவு காலம். உங்கள் பள்ளியில் கதவு முதல் நாளே திறந்திருக்கிறது. மீதியிருப்பது ஆசிரியர் அறையில் முடிவெடுக்க வேண்டிய வேலைதான்.

கேள்வி: நான் முதல் பேட்ச். போன மாதம் பள்ளிக்குப் போனேன். காவலாளி என்னை உள்ளே விடவில்லை. எங்கள் பள்ளி தொலைந்துபோனதுபோல் இருந்தது. (ஒரு பழைய மாணவர்)

பதில்: காவலாளி அவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார், தம்பி. முன்னரே சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் வருத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வகுப்பு வகுப்பாக ஏறும் பள்ளியில் முதல் பேட்சுக்கு மேலே யாரும் கிடையாது. ஆறாம் வகுப்பிலும் நீங்கள்தான் மூத்தவர்கள், பன்னிரண்டிலும் நீங்கள்தான். தலைவர், மேடைத் தொகுப்பாளர், அணித் தலைவர் எல்லாம் உங்களுக்குள்ளேயே. அப்படியொரு பள்ளி உங்கள் முப்பது பேருக்கு மட்டும்தான் இருந்தது. பின்னால் வந்த எந்தப் பிள்ளைக்கும் கிடைக்கவில்லை. ஆனால் ஆய்வகமும் நூலகமும் நீங்கள் போன பிறகுதானே வந்திருக்கும்? அதற்காக அவர்கள்மேல் பொறாமைப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: அடுத்த பத்தாண்டில் எங்கள் பள்ளியை 3,000 மாணவர்கள் படிக்கும் பள்ளியாக்கத் திட்டம். புதுக் கட்டட வரைபடம் தயாராகிறது. ஏதேனும் ஆலோசனை? (ஒரு தாளாளர்)

பதில்: 3,000 எதற்கு என்று கேட்க நினைத்தேன், விட்டுவிட்டேன். முடிவெடுத்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. அப்படியானால் ஒரே பள்ளியாக நடத்தாதீர்கள். காலையில் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு தலைமையாசிரியரால் சில நூறு பிள்ளைகள் வரைதான் முடியும். ஆகவே தொடக்கநிலை, நடுநிலை, மேல்நிலை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிப் பொறுப்பாளர், தனி ஆசிரியர் அறை வையுங்கள். அந்தப் பொறுப்பாளர்களும் வாரத்தில் சில பாடவேளையாவது வகுப்பெடுக்கட்டும். மைதானத்தில் கட்டாதீர்கள், மேலே மாடி எழுப்பிக்கொள்ளலாம், மைதானத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வரைபடத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் பத்தாம் வகுப்பு மாணவிகள் நாலு பேரைக் கூப்பிட்டு, மேசையில் விரித்துக் காட்டுங்கள். இடைவேளை பத்து நிமிஷத்தில் எந்த மாடியிலிருந்து எந்தக் கழிப்பறைக்குப் போய்த் திரும்ப முடியும், எங்கே வரிசை நிற்கும் என்று பென்சிலால் குறித்துத் தருவார்கள். கட்டடக் கலைஞரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.