முளையக் குருத்துக்கலம்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்கு ஒரு டொக்டரின் பதில்கள்

கிளிநொச்சி, உயர்தர மாணவி: டொக்டர், குருத்துக்கலம் எடுக்கேக்க அழியிறது வயிற்றில இருக்கிற பிள்ளையோ?

இல்லை, தங்கச்சி. முளையம் என்பது கருவின் ஆரம்ப நிலை; முளையக் குருத்துக்கலம் என்பது அதிலிருந்து எடுக்கும், உடலின் எந்தக் கலமாகவும் மாறக்கூடிய கலம். வெளிக்கருக்கட்டல் சிகிச்சைக்காக ஆய்வுகூடத்தில் உருவாக்கி, மிஞ்சியதால் திரவ நைதரசனில் −196 பாகை செல்சியசில் உறைய வைத்த முளையங்களைத்தான், பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு எடுப்பார்கள். வயது ஐந்தாறு நாள். நூறு, இருநூறு கலங்கள் சேர்ந்த, உள்ளே நீர் நிறைந்த உருண்டை அது. அதன் வெளி அடுக்கிலிருந்து சூல்வித்தகம் உருவாகும். உள்ளே ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் கலத்திரளைப் பிரித்து வளர்ப்பார்கள். 1998இல் விஸ்கொன்சினில் ஜேம்ஸ் தொம்சன் செய்ததும் இதுதான். பிரித்தபின் அந்த முளையம் வளராது. சண்டையெல்லாம் இந்த ஒரு படியில்தான்.

மடு, ஒரு தாய்: எப்படியும் எறியப்போறதைக் குடுத்தால் என்ன பாவம்?

கத்தோலிக்கத் திருச்சபை கருக்கட்டிய கணத்திலிருந்தே மனித உயிராக மதிக்கச் சொல்கிறது, அம்மா. அதன்படி எறிவதும் பிழை, ஆராய்வதும் பிழை, மிஞ்சும்படி உருவாக்கியதே முதற்பிழை. முன்பின் முரணில்லாத நிலைப்பாடு அது. உயிர் ஊதப்படும் நாளாக இஸ்லாமிய அறிஞர் பலர் 120ஆம் நாளைச் சொல்வர். பிரித்தானியாவின் வார்னொக் குழு 1984இல் முளைய ஆய்வுக்கு 14 நாளை எல்லையாகப் பரிந்துரைத்தது. அதையொட்டித்தான் முளையத்தில் முதற்கீற்று, அதாவது உடல் உருவாகத் தொடங்கும் கோடு, தோன்றும். அதற்கு முன் ஒரே முளையம் இரட்டையராகவும் பிரியலாம், நரம்பு ஒன்றும் உருவாகியிராது. எனக்கு அந்த எல்லை ஏற்புடையது. ஆய்வுக்கென்று ஏழைப் பெண்களிடம் காசுக்குக் கருமுட்டை வாங்குவதை மட்டும் எந்த எல்லையும் நியாயமாக்காது.

வவுனியா: யமனாக்கா முறை வந்தபிறகும் முளையம் வேணுமோ?

குறைவாக. ஜப்பானிய ஆய்வாளர் யமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் தோற்கலத்தை முளையக் குருத்துக்கலம் போன்ற நிலைக்குப் பின்னோக்கித் திருப்பினார். ஆனாலும் அது சரியாகத் திரும்பியதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முளையக் கலமே அளவுகோல்.

புதுக்குடியிருப்பு: தம்பிக்கு 2009இல ஷெல் பட்டு இடுப்புக்குக் கீழ இயக்கமில்லை. வெளிநாட்டில ஊசி போட்டால் நடப்பானாம். காணியை விக்கலாமோ?

விற்கவேண்டாம், அக்கா. 2010இல் அமெரிக்காவில் ஜெரோன் நிறுவனம் தொடங்கிய முதல் முளையக் குருத்துக்கலச் சோதனையில், காயப்பட்டு 7 முதல் 14 நாளுக்குள் இருந்தவர்களுக்கே 20 இலட்சம் கலங்கள் செலுத்தினார்கள். பார்த்தது பாதுகாப்பை. அடுத்த வருசமே காசுப் பிரச்சினையால் நிறுத்தினார்கள். பழைய காயமென்றால் முண்ணாணில் காயப்பட்ட இடத்தைச் சுற்றித் தழும்பு இறுகியிருக்கும், புது நரம்பு அதைத் தாண்டுவது கடினம். முழுதாக மாறாத முளையக் கலம் உள்ளே போனால் பல்லும் மயிரும் கலந்த கட்டிகூட வளரலாம். ஊசி விற்பவரிடம் கேளுங்கள்: என்ன கலம், யாருடையது, சோதனைப் பதிவிலக்கம் என்ன, ஒழுக்கவியற் குழுவின் அனுமதி எங்கே? முறையான சோதனையில் பொதுவாக நோயாளியிடம் காசு வாங்கமாட்டார்கள்.

இப்போதைக்குத் தம்பியின் உயிரைக் காப்பது படுக்கைப்புண் வராமல் தோலைப் பராமரிப்பது. கட்டிலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். சக்கர நாற்காலியில் அரை மணித்தியாலத்துக்குள் ஒருமுறை கையூன்றி இடுப்பைத் தூக்கட்டும். இரவில் குதியையும் இடுப்பெலும்பின் மேலையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். அழுத்தியும் மறையாத சிவப்புத் தெரிந்தால், அது ஆறும்வரை அந்தப் பக்கம் படுக்கக் கூடாது.