மாறியை மாற்றியது எந்த வரி? வழு தேடுவோருக்கான கேள்வி பதில்

ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலில் ஒரு மாறியோ தரவோ எதிர்பாராத வேளையில் மாறிவிடுவது பற்றி, யாழ்ப்பாணத்திலும் அயலிலும் மென்பொருள் படிப்போரும் எழுதுவோரும் அனுப்பிய கேள்விகளுக்கான விடைகள் இவை. நீண்ட கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

கொக்குவில், மாணவர்: ஐயா, சி மொழியில் எழுதிய எனது செய்நிரலில் ‘மொத்தம்’ என்ற மாறி தொடக்கத்தில் சரியாகவே இருக்கிறது, இறுதியில் அச்சிடும்போது வேறு எண் வருகிறது. இடையிடையே பெறுமதியை அச்சிடும் பிரின்ற்எஃப் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. பிரின்ற்எஃப் அது இருக்கும் வரியில் பெறுமதி என்ன என்பதை மட்டும் சொல்லும்; இரண்டு பிரின்ற்எஃப்களுக்கு இடையில் எந்த வரி அந்தப் பெறுமதியை எழுதியது என்பதை நீங்கள்தான் ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகத்தை விட்டுவிட்டு, மாறி இருக்கும் நினைவக முகவரியையே காவல் செய்யுமாறு வழுநீக்கியிடம் (செய்நிரலை இடையில் நிறுத்தி ஆராய உதவும் கருவியிடம்) கேளுங்கள். இதற்கு வோச்பொயின்ற் என்று பெயர். வழுநீக்கிக்கான தகவலைச் சேர்க்கும் ‘-ஜி’ தெரிவுடன் தொகுத்து, ஜிடிபி என்ற வழுநீக்கியில் திறந்து, மாறிக்குச் சரியான பெறுமதி கிடைத்த பின்னர் செய்நிரலை நிறுத்தி, ‘வோச் மொத்தம்’ என்று கட்டளையிட்டுத் தொடர்ந்து ஓடவிடுங்கள். பெறுமதி மாறிய கணத்தில் ஜிடிபி நின்று, பழைய பெறுமதியையும் புதிய பெறுமதியையும் காட்டும். நினைவகத்தில் எழுதுவது நடந்து முடிந்த பின்னரே அது நிற்பதால், திரையில் தெரிவது பெரும்பாலும் அடுத்து ஓடவிருக்கும் வரியாக இருக்கும். குற்றவாளி அதற்கு முந்தியது.

இது வேகத்தைப் பாதிக்காமல் நடப்பதற்குக் காரணம், வேலையைப் புரொசெசரே செய்வதுதான். 1985இல் வந்த இன்ரெல் 80386 முதல் அந்த வகைப் புரொசெசர்களில் காவல் முகவரிகளை வைக்க நான்கு பதிவேடுகள் (புரொசெசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) உள்ளன. 64 பிற் முறையில் ஒவ்வொன்றும் கூடியது 8 பைற்றைக் கவனிக்கும். ஆகவே ஓர் எண்ணையோ முகவரி ஒன்றை வைத்திருக்கும் ஒரு சுட்டியையோ காவல் செய்யலாம், ஆயிரம் உறுப்புள்ள அணி முழுவதையும் அவ்வாறு செய்ய இயலாது. பதிவேடுகள் போதாதபோது ஜிடிபி செய்நிரலை அடியடியாக ஓட்டி ஒவ்வொரு அடியிலும் பெறுமதியை ஒப்பிடும். அது நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவானது. ‘ஹார்ட்வெயர் வோச்பொயின்ற்’ என்று திரையில் வருகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறி ஒரு சார்பின் உள்ளூர் மாறியாயின், அந்தச் சார்பு முடிந்தவுடன் காவலும் நீங்கிவிடும். சுட்டி வழியாக அடையும் பொருளைக் காவல் செய்யும்போது ‘வோச் -எல்’ என்று கொடுத்தால், பெயரை மறந்து முகவரியையே பிடித்துக்கொள்ளும். நான் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

அதே மாணவர்: நீங்கள் சொன்னவாறு செய்தேன். நின்ற வரியில் ‘மொத்தம்’ என்ற பெயரே இல்லை. ‘புள்ளி’ என்ற அணிக்கு எழுதும் வரி அது. வழுநீக்கி தவறுகிறதா?

தவறவில்லை, விடையே அதுதான். பத்து உறுப்புள்ள அணிக்குச் சுட்டெண் 0 முதல் 9 வரைதான். உங்கள் வளையம் 10 வரை ஓடுமாயின், பதினோராவது முறை எழுதுவது நினைவகத்தில் அடுத்திருக்கும் மாறியின்மேல் விழும். சி மொழி இதனைத் தடுப்பதில்லை. பிரின்ற்எஃப் சேர்த்தபோது வழு இடம் மாறியதுபோல் உங்களுக்குத் தோன்றியிருந்தால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். புதிய வரி சேரும்போது தொகுப்பான் மாறிகளை வேறு ஒழுங்கில் வைக்கக்கூடும், அப்போது அடி வேறொரு மாறிக்கு விழும்.

இவ்வகை வழுவுக்கு வோச்பொயின்றைவிட நேரான கருவி, ‘-எஃப்சனிடைஸ்=அட்ரஸ்’ என்ற தெரிவு. ஜிசிசி தொகுப்பானில் 4.8 பதிப்பு முதல் உள்ளது. எல்லை தாண்டி எழுதிய அந்த வரியிலேயே செய்நிரலை நிறுத்தி, அழைப்பு வரிசையையும் தரும். வேகம் ஏறத்தாழ அரைவாசியாகும், அவ்வளவே. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவி மறுதொகுப்பு இல்லாமலே ஓடும் என்பது வசதிதான். ஆனால் அது பத்து முதல் ஐம்பது மடங்கு மெதுவானது, அத்துடன் உங்களுடையதைப் போன்ற உள்ளூர் அணிகளின் எல்லையை அது சோதிப்பதில்லை.

கிளிநொச்சி, பொறியியல் பீட மாணவி: சேர், ஒரு பஃபரின் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதியின்) முதல் பைற்றுக்கு வோச்பொயின்ற் போட்டேன். பெறுமதி மாறியது, ஜிடிபி நிற்கவில்லை. எப்படி?

அந்த பஃபருக்குள் ‘ரீட்’ போன்ற முறைமை அழைப்பு (இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அழைப்பு) தரவை நிரப்புகிறதா என்று பாருங்கள். லினக்ஸில் அப்போது எழுதுவது உங்கள் செய்நிரல் அல்ல, இயங்குதளத்தின் மையமான கேர்னல்; அது எழுதுவது ஜிடிபி வைத்த காவலில் சிக்காது. அவ்வழைப்புகளைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸ் கொண்டு எந்த அழைப்பு அந்த முகவரியைப் பெறுகிறது என்று தேடலாம். பகிர்ந்த நினைவகமாயின், வேறொரு செயன்முறை எழுதுவதையும் உங்கள் காவல் காணாது. மூன்றாவது சாத்தியமும் உண்டு: வேகத்துக்காகச் செம்மையாக்கும் ‘-ஓ2’ தெரிவில் தொகுத்திருந்தால் சில மாறிகள் நினைவகத்தில் இல்லாமல் பதிவேட்டிலேயே வாழும். பஃபருக்கு இது பொருந்தாவிட்டாலும் சாதாரண எண்களுக்குப் பொருந்தும்; வழு தேடும்போது ‘-ஓ0’ போதும்.

திருநெல்வேலி, இணையச் செயலி எழுதுபவர்: அண்ணா, ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய கடைச் செயலியில், கூடைக்குள் இருக்கும் பொருளின் விலையை எவரும் தொடவில்லை, ஆனாலும் கழிவு கணக்கிட்ட பின்னர் பட்டியலில் உள்ள மூல விலையும் குறைந்துவிடுகிறது.

கூடையில் இருப்பது பட்டியலில் உள்ள அதே பொருள், பிரதி அல்ல. ஒப்ஜெக்ட் ஒன்றை வேறொரு மாறிக்குக் கொடுத்தால் இரண்டு பெயர்களும் ஒன்றையே காட்டும். அதை எந்த வரி மாற்றுகிறது என்று அறிய, பட்டியலை ஏற்றியவுடன் ஒவ்வொரு பொருளையும் ‘ஒப்ஜெக்ட்.ஃப்ரீஸ்’ கொண்டு உறைய வையுங்கள். பிழைகளைக் கண்டிப்பாக அறிவிக்கும் ஸ்ட்ரிக்ட் முறையில் அதை மாற்ற முயலும் வரி ரைப்எரர் என்ற பிழையை எறிந்து தானே காட்டிக்கொடுக்கும். மொடியூல்கள் தாமாகவே அம்முறையில் ஓடுகின்றன. பழைய பாணி ஸ்கிரிப்டாயின் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ எழுதாவிட்டால் மாற்றம் சத்தமின்றிப் புறக்கணிக்கப்படும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள். உறைதல் மேல்மட்டத்துக்கு மட்டுமே. உள்ளே இன்னோர் ஒப்ஜெக்ட் இருந்தால் அதைத் தனியாக உறைய வைக்க வேண்டும்.

செய்நிரல் முறியாமல் ஓடவும் வேண்டும் என்றால், ‘டிஃபைன்ப்ரொபேர்ட்டி’ மூலம் விலைக்கு ஒரு செற்றர் (பெறுமதி எழுதப்படும்போது ஓடும் சார்பு) வைத்து, அதற்குள் அழைப்பு வரிசையை அச்சிடும் ‘கொன்சோல்.ட்ரேஸ்’ எழுதுங்கள். பக்கத்தில் உள்ள ஓர் உறுப்பே தானாக மாறுகிறதென்றால் குரோமின் எலிமென்ற்ஸ் பகுதியில் அதன்மேல் வலச்சொடுக்கி, ‘பிரேக் ஒன்’ பட்டியலில் பண்பு மாற்றத்தைத் தெரிவுசெய்யலாம்.

நல்லூர்: பைதனில் ஒரு சார்பை இரண்டாம் முறை அழைக்கும்போது வெற்றாக இருக்க வேண்டிய பட்டியலில் பழைய தரவு இருக்கிறது.

சார்பின் இயல்புப் பெறுமதியாக வெற்றுப் பட்டியலை எழுதியிருப்பீர்கள். அது வரையறையின்போது ஒரே ஒருமுறைதான் உருவாகும். பெறுமதி இல்லை எனக் குறிக்கும் ‘நன்’ என்று வைத்து உள்ளே புதிதாக உருவாக்குங்கள்.

சாவகச்சேரி, கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு மென்பொருள் பராமரிப்பவர்: தரவுத்தளத்தில் ஓர் அங்கத்தவரின் மீதி இரவில் மாறியிருக்கிறது. செயலியின் பதிவில் எதுவும் இல்லை.

செயலியின் பதிவு செயலி செய்ததை மட்டுமே சொல்லும். மீதியை நேரே மாற்றக்கூடிய வழிகள் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள்: இரவில் ஓடும் தானியங்கி வேலை, கையால் இயக்கும் கட்டளை, பழைய அறிக்கை மென்பொருள், யாரோ கணினியில் திறந்து வைத்த இன்னொரு கருவி. வேலி முழுவதும் பொட்டாக இருக்கும்போது படலையில் மட்டும் காவல் நின்று பயனில்லை. காவல் அட்டவணையிலேயே இருக்க வேண்டும். அந்த அட்டவணை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பழைய பெறுமதி, புதிய பெறுமதி, நேரம், இணைந்திருக்கும் பயனர் ஆகியவற்றை வேறோர் அட்டவணையில் எழுதும் ட்ரிகர் ஒன்றை வையுங்கள். எல்லாக் கருவிகளும் ஒரே பயனர்பெயரில் இணைந்தால் அந்தப் பதிவு எதையும் பிரித்துக் காட்டாது. கருவிக்கொரு கணக்கு கொடுப்பது இவ்வேலையில் பாதி. நடந்துமுடிந்த மாற்றத்தைப் பொறுத்தவரை, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பைனரி பதிவு இயங்கிக்கொண்டிருந்து, வரி வடிவத்தில் இருந்தால், அதில் முன்பின் பெறுமதிகளைப் படிக்கலாம். பழைய கோப்புகள் அழிய முன்னர் பிரதி எடுங்கள்.

மானிப்பாய், தொழில்முறை நிரலாளர்: பல திரெட்கள் (ஒரே செய்நிரலுக்குள் ஒருங்கே நடக்கும் ஓட்டங்கள்) ஓடும் எமது சேர்வரில் ஓர் எண்ணி எப்போதாவது பிழையாகிறது. வழுநீக்கியில் ஓட்டினால் வழு வருவதே இல்லை.

நேரத்தைச் சார்ந்த வழு. வழுநீக்கி நேரத்தை மாற்றுவதால் அது ஒளிந்துகொள்கிறது. முதலில் ‘-எஃப்சனிடைஸ்=திரெட்’ கொண்டு தொகுத்துச் சோதனைகளை ஓட்டுங்கள். ஐந்து முதல் பதினைந்து மடங்கு மெதுவாகும் என்பதால் வாடிக்கையாளர் பயன்படுத்தும் சேர்வரில் வேண்டாம். எண்ணி உண்மையில் பிழையாகாத ஓட்டத்திலும், ஒருநேரத்தில் ஒன்றை மட்டுமே அனுமதிக்கும் பூட்டின்றி இரண்டு திரெட்கள் அதனைத் தொட்டால் இரு வரிகளையும் காட்டும் என்பது அதன் சிறப்பு.

அதிலும் அகப்படாவிட்டால், மொசில்லாவில் உருவான ஆர்ஆர் என்ற கருவியை நாடுங்கள். லினக்ஸில் ஓட்டம் முழுவதையும் பதிவுசெய்து, பின்னர் அச்சொட்டாக அதே ஓட்டத்தை எத்தனை முறையும் மீள ஓட்டும். பிழை வரும்வரை பதிவை மீண்டும் மீண்டும் எடுங்கள். கெட்ட ஓட்டம் ஒன்று கையில் கிடைத்த பின்னர் முடிவுக்குச் சென்று, எண்ணிக்கு வோச்பொயின்ற் வைத்து, ‘ரிவர்ஸ்-கொன்ரினியூ’ கொடுத்தால் கடைசியாக அதை எழுதிய இடத்துக்குப் பின்னோக்கிப் போகும். அங்கு எழுதப்பட்ட பிழையான பெறுமதி வேறொரு மாறியிலிருந்து வந்ததாயின், அதற்கும் காவல் வைத்து மேலும் பின்னே போகலாம். எனது கணிப்பில் இத்துறையில் கிடைத்த மிகப் பயனுள்ள கருவி இதுவே. ஆர்ஆர் திரெட்களை ஒரே கோரில் மாறிமாறி ஓட்டுவதால் திரெட்கள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் சில போட்டி வழுக்கள் வெளிப்படாமல் போகலாம். அதற்கெனத் திரெட்களின் ஒழுங்கை வேண்டுமென்றே குலைக்கும் ‘கேயொஸ்’ முறை உண்டு. புரொசெசருக்குள் இருக்கும் செயற்பாட்டு எண்ணிகளை ஆர்ஆர் நம்பியிருப்பதால், வாடகைக்கு எடுத்த பல மெய்நிகர் கணினிகளில் இயங்காது. மேசையில் இருக்கும் கணினியில் ஓட்டிப் பாருங்கள்.

பருத்தித்துறை: போன மாதம் சரியாக ஓடியது, இப்போது பிழை. இடையில் நானூறு கொமிட்கள் (கிட்டில் சேமித்த மாற்றங்கள்).

‘கிட் பைசெக்ட்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு சோதனையிலும் பாதி கழிவதால் ஏறத்தாழ ஒன்பது சோதனைகளில் முதல் கெட்ட கொமிட் தெரியும். சரியா பிழையா என்று சொல்லும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி ‘ரன்’ உடன் கொடுத்தால் அது தானே தேடும். தொகுக்கவே முடியாத கொமிட்டில் நின்றால் ‘ஸ்கிப்’ கொடுங்கள்.

சுன்னாகம்: எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன். வெப்பத்தால் ராம் கெட்டு, பெறுமதி தானாக மாறியிருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் அது கடைசிச் சந்தேகம். அதே செய்நிரலை அதே உள்ளீட்டுடன் வேறொரு கணினியில் ஓட்டுங்கள். பிழை அங்கும் அதே இடத்தில் வந்தால் ராமை விட்டுவிட்டு வோச்பொயின்றுக்குத் திரும்புங்கள். வராவிட்டால் பழைய கணினியில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ற்86+ ஐ இரவு முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள்.