குச்சியும் நிழலும் சைனும் டேனும்: கேள்வி பதில்

பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வடிவொத்த முக்கோணங்களுக்கும் முக்கோணவியலுக்கும் என்ன உறவு என்று ஒரு மாணவி கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கியதும் மற்றவர்களின் கேள்விகளும் பின்னாலேயே வந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவி: சார், நிழலை வைத்து மரத்தின் உயரம் காணும் கணக்கு வடிவியலில் வருகிறது. ஏற்றக்கோணத்தை வைத்து அதே மாதிரி மரத்தின் உயரம் காணும் கணக்கு முக்கோணவியலில் வருகிறது. இரண்டும் ஒன்றா, வேறா?

ஒன்றுதான்மா. புத்தகத்தில் நடுவே ஆயத்தொலை வடிவியல் வந்து உட்கார்ந்துகொண்டதால் இரண்டும் சம்பந்தமில்லாத பாடங்கள் போலத் தெரிகின்றன.

தென்னை மரத்தின் நிழல் 12 மீட்டர் என்று வை. பக்கத்தில் 1 மீட்டர் குச்சியை நட்டால் அதன் நிழல் 80 சென்டிமீட்டர். இரண்டுக்கும் ஒரே வெயில், அதனால் ஒரே கோணம். இரண்டும் தரைக்குச் செங்குத்து. இரண்டு கோணங்கள் சமமாகிவிட்டால் முக்கோணங்கள் வடிவொத்தவை. குச்சியின் உயரத்தை அதன் நிழலால் வகுத்தால் 1.25. மரத்துக்கும் அதே 1.25தான் வர வேண்டும். 12 × 1.25 = 15 மீட்டர்.

இப்போது மேகம் மூடிவிட்டது, நிழலே இல்லை. மரத்திலிருந்து 12 மீட்டர் தள்ளித் தரையில் படுத்து உச்சியைப் பார்க்கிறாய். ஏற்றக்கோணம், அதாவது தரையிலிருந்து பார்வை மேலே சாய்கிற கோணம், 51 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். கால்குலேட்டரில் டேன் போட்டால் சுமார் 1.25 வருகிறது. மறுபடியும் 15 மீட்டர். சரி, குச்சி எங்கே போனது? அந்த 1.25தான் குச்சி. ஒவ்வொரு கோணத்துக்கும் யாரோ முன்கூட்டியே ஒரு குச்சியை நட்டு, விகிதத்தை எழுதி வைத்துவிட்டார்கள். அந்தப் பட்டியலுக்குப் பெயர்தான் டேன். ஒரு முக்கோணம் மைதானத்தில் இருக்கிறது, அதற்கு வடிவொத்த இன்னொன்று கால்குலேட்டருக்குள் இருக்கிறது.

அதே மாணவி: 2 மீட்டர் குச்சி நட்டால் டேன் இரண்டு மடங்கு ஆகாதா?

நிழலும் 1.6 மீட்டர் ஆகிவிடும். 2 ÷ 1.6 போட்டுப் பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: எங்கள் புத்தகத்தில் இயல்பொத்த முக்கோணிகள், செம்பக்கம், திரிகோண கணிதம் என்று வரும். நீங்கள் சொல்வதும் அதுதானே? அப்படியானால் ஏன் சைன், கோசைன் எல்லாம் செங்கோண முக்கோணிக்கு மட்டும்?

அதேதான் ஐயா. உங்கள் செம்பக்கம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்) எங்களுக்குக் கர்ணம். பெயர் மட்டும்தான் வேறு.

செங்கோணத்தைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் சிக்கனம். சாதாரண முக்கோணத்தின் வடிவம் தெரிய இரண்டு கோணங்கள் வேண்டும். செங்கோண முக்கோணத்தில் ஒன்று ஏற்கெனவே 90. இன்னும் ஒரே ஒரு கோணம் சொன்னால் வடிவம் முடிவாகிவிடும். அதனால் பட்டியலை ஒரே கோணத்துக்கு எழுதினால் போதும்.

மற்ற முக்கோணங்களை உச்சியிலிருந்து ஒரு குத்துக்கோடு இறக்கி இரண்டாக வெட்டிக்கொள்ளலாம். ஏ, பி என்ற கோணங்களுக்கு எதிரே உள்ள பக்கங்கள் முறையே க, ங என்று வையுங்கள். வெட்டின கோடு இரண்டு துண்டுகளுக்கும் பொது. சைன் என்பது எதிரே உள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தது. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் நீளம் ங × சைன் ஏ. மறுபக்கத்திலிருந்து பார்த்தால் க × சைன் பி. இரண்டையும் சமன் செய்தால் சைன் விதி வந்துவிடும்: பக்கத்தை எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் எந்தப் பக்கத்துக்கும் ஒரே எண். மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

கொட்டகை போடுபவர்: சுவருக்குச் சுவர் 20 அடி. நடுவில் உச்சி, இரண்டு பக்கமும் 20 டிகிரி சரிவு. கைமரம் எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும்? பையன் 9.4 அடி என்கிறான். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

உங்கள் சந்தேகம் சரி. பாதி அகலமே 10 அடி. சாய்வாகப் போகும் மரம் அதைவிடக் குட்டையாக இருக்க முடியாது. பையன் 10ஐக் காஸ் 20ஆல் பெருக்கியிருக்கிறான், வகுத்திருக்க வேண்டும். காஸ், அதாவது கோசைன், என்பது அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தது. 10 ÷ 0.94 = 10.64. அதாவது 10 அடி 8 அங்குலம். சுவருக்கு வெளியே நீட்டுகிற இறவாணத்துக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சி சுவர் மட்டத்திலிருந்து 3 அடி 8 அங்குலம் எழும்பும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு தாளில் 10 சென்டிமீட்டர் கோடு போட்டு, பாகைமானியில் 20 டிகிரி வைத்து, முக்கோணத்தை முடித்துச் சாய்வை அளந்து பாருங்கள். 10.6 சென்டிமீட்டர் வரும். ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அடி. கொட்டகையும் தாளும் வடிவொத்த முக்கோணங்கள். பையனையும் ஒரு தடவை வரையச் சொல்லுங்கள், அப்புறம் பெருக்கலா வகுத்தலா என்று தடுமாற மாட்டான்.

கல்லூரி மாணவர்: சார், மரத்திலிருந்து 20 மீட்டர் தூரம், கோணம் 30 டிகிரி. கால்குலேட்டர் மரத்தின் உயரம் மைனஸ் 128 மீட்டர் என்கிறது!

மரம் பூமிக்குள் வளர்ந்துவிட்டது போல. கால்குலேட்டர் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருக்கிறது தம்பி, டிகிரிக்கு மாற்றுங்கள். டேன் 30 சுமார் 0.577. உயரம் 11.5 மீட்டர். விடை மைனஸில் வந்ததால் பிழைத்தீர்கள். 35 டிகிரி என்றால் ரேடியனிலும் 9.5 மீட்டர் என்று நம்பும்படியான விடையே வந்திருக்கும். சரியான விடை 14.

ஓர் ஆசிரியை: கோயில் கோபுரத்தின் உயரத்தை மாணவர்களை வைத்து அளக்க ஆசை. மதில் சுவர் இருப்பதால் அடிவாரம் வரை டேப் பிடிக்க முடியாது. என்ன செய்யலாம்?

நல்ல வேலை, கட்டாயம் செய்யுங்கள். ஓரிடத்தில் நின்று கோணம் எடுங்கள். அதே நேர்கோட்டில் 15 மீட்டர் பின்னால் போய் மறுபடி எடுங்கள். முதலில் 40, அடுத்து 28 டிகிரி வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு சமன்பாடுகள் எழுதித் தீர்ப்பார்கள். எனக்குக் குச்சி வழிதான் பிடிக்கும். 1 மீட்டர் உயரமுள்ள பொம்மைக் கோபுரம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதன் உச்சி 40 டிகிரியில் தெரிய 1.192 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 28 டிகிரியில் தெரிய 1.881 மீட்டர். நடுவே உள்ள தூரம் 0.689. நிஜக் கோபுரத்தில் அதே இடைவெளி 15. அப்படியானால் நிஜம் பொம்மையைப் போல 15 ÷ 0.689, அதாவது சுமார் 21.8 மடங்கு. கோபுரம் கண் மட்டத்துக்கு மேல் 21.8 மீட்டர். கண் உயரம் ஒன்றரை மீட்டரையும் கூட்டினால் 23.3.

ஓர் எச்சரிக்கை. 28ஐ 29 என்று படித்துவிட்டால் விடை கிட்டத்தட்ட 3 மீட்டர் கூடிவிடும். இரண்டு இடங்களும் நெருக்கமாக இருக்க இருக்க இந்தப் பிழை பெருகும். இடம் இருந்தால் 30 மீட்டர் பின்னால் போங்கள். பாகைமானியின் நடுவில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டால் கோணம் அளக்கும் கருவி தயார்.

ஆசிரியையே மறுபடி: அடிவாரம் வரை போக முடிகிற இடத்தில் எவ்வளவு தூரத்தில் நிற்பது நல்லது?

கோணம் 45க்குப் பக்கத்தில் வரும்படி. அங்கே ஒரு டிகிரி தவறினால் உயரத்தில் சுமார் 3.5 சதவீதம்தான் தவறும். 80 டிகிரியில் அண்ணாந்து பார்த்து ஒரு டிகிரி தவறவிட்டால் 11 சதவீதம் போய்விடும்.

இன்னொருவர்: இந்தப் பட்டியலை முதலில் எழுதியது யார்? கிரேக்கர்களா, நம்மவர்களா?

கிரேக்கர்கள் வட்டத்தின் முழு நாணுக்கு, அதாவது வட்டத்தின் இரு புள்ளிகளைச் சேர்க்கும் நேர்கோட்டுக்கு, பட்டியல் வைத்திருந்தார்கள். கி.பி. 499இல் ஆரியபடர் தந்தது பாதி நாணின் பட்டியல், அதுதான் இன்றைய சைன். 3 டிகிரி 45 நிமிட இடைவெளியில் 24 மதிப்புகள். அவருடைய ஆரம் 1 இல்லை, 3438. வட்டத்தின் சுற்றளவை 21,600 நிமிடங்களாக வைத்தால் ஆரம் அவ்வளவு வரும். அதில் 30 டிகிரிக்கு 1719, சரியாகப் பாதி. நாம் 0.5 என்கிறோம். அவருடைய முக்கோணமும் நம்முடையதும் வடிவொத்தவை, அளவு மட்டும் 3438 மடங்கு.

நில அளவைத் துறையில் இருந்தவர்: பரங்கிமலைக் கதையைச் சொல்லாமல் விடலாமா?

நீங்களே கேட்டுவிட்டீர்கள். 1802இல் இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன், சென்னையில் உள்ள பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். 100 அடிச் சங்கிலியை ஏறக்குறைய 400 தடவை போட வேண்டிய தூரம். அவ்வளவு பாடுபட்டுச் சங்கிலி போட்ட பிறகு பெரும்பாலும் கோணங்கள்தான். அடிக்கோட்டின் இரு முனையிலிருந்தும் தூரத்தில் உள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், சைன் விதி மற்ற இரண்டு பக்கங்களையும் தந்துவிடும். அவற்றில் ஒன்று அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படிக் கோத்துக்கொண்டே போன வரிசை பிறகு இமயம் வரை சென்றது. இடையிடையே புதிதாக ஓர் அடிக்கோட்டை அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

கோணம் எடுத்த தியோடலைட் அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே தூக்கும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் தானே உட்கார்ந்து தட்டிச் சரிசெய்தார். ஆசிரியை அம்மா, உங்கள் மாணவர்களிடம் பாகைமானியை மட்டும் கொடுங்கள், போதும்.