மைதான ஊழியத்தில் மனம் வற்றிப்போனால்

கேள்வி: பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் சபையின் வாலிபர் கால்பந்து அணிக்கு நான்கு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை மாலையில் பயிற்சி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மேட்ச். இப்போதெல்லாம் மழை வந்து பயிற்சி நின்றால் போதும் என்றிருக்கிறது. விசுவாசம் குறைந்துவிட்டதா?

பதில்: விசுவாசம் இருக்கட்டும், முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம். மாலைக்கு இரண்டரை மணி வீதம் ஐந்து நாளைக்கு 12.5. ஞாயிறு சுமார் 7. பெற்றோருக்குப் போன், பந்துக்குக் காற்று, ஜெர்சி துவைப்பது, அடிபட்ட பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று இன்னொரு 5. சம்பள வேலைக்கு மேல் வாரம் 24.5 மணி நேரம் போகிறது.

2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டுப் பட்டியல், இப்படி மனம் வற்றிப்போகும் பர்ன்-அவுட்டை நோய் என்று சொல்வதில்லை. வேலையில் தீராத அழுத்தத்தால் வரும் நிலை என்கிறது. அடையாளம் மூன்று: அசதி, வேலைமேல் கசப்பு, செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம். சம்பளமில்லாத ஊழியத்திலும் இதே மூன்றும் தலைகாட்டும். சில நாள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் மழைமேல் ஆசை போகவில்லையென்றால் கவனியுங்கள். இடைவேளையில் பையன்களுக்கு என்ன சொல்லலாம் என்று தேடுவதற்கு மட்டுமே வேதத்தைத் திறக்கிறீர்களா? பரிமாறுகிறவர் பட்டினி கிடக்கிறார்.

இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றும் இதே அசதியைத் தரும். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்து வியாழன், வெள்ளிப் பயிற்சியைக் கைமாற்றுங்கள். மூத்த வீரர் ஒருவர் முதல் வாரம் கூட நின்று பார்க்கட்டும். இரண்டாம் வாரம் வார்ம்-அப் நடத்தட்டும். மூன்றாம் வாரம் முழுப் பயிற்சியும் அவருடையது, நீங்கள் கோட்டுக்கு வெளியே. சிறுவர்கள் இருப்பதால் பெரியவர்கள் இரண்டு பேராவது மைதானத்தில் இருக்க வேண்டும். பலர் சறுக்குவது சாவியில்தான். பந்து வைக்கும் அறைச் சாவியும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவும் உங்களிடமே இருந்தால், "அண்ணே, பம்பு எங்க?" என்று லீவு நாளிலும் போன் வரும். இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.

ஞாயிறு உங்களுக்கு ஓய்வுநாள் ஆகாது, அன்றுதான் வேலை அதிகம். யூதர் ஓய்வுநாளைப் போல வெள்ளி சாயங்காலம் முதல் சனி சாயங்காலம் வரை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை முகாமும் விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியும் முடிந்து பள்ளி திறக்கும் ஜூனில் இரண்டு வாரம் பயிற்சிக்கே விடுமுறை. தொழில்முறை அணிகளுக்கு சீசன் முடியும், சபை அணிக்கு முடிவதில்லை.

போதகரிடம் "களைப்பா இருக்கு ஐயா" என்று போனால் "ஜெபம் பண்ணுங்க தம்பி" என்று அனுப்பிவிடுவார். மணிக்கணக்கு எழுதிய தாளை வைத்து, "வியாழன், வெள்ளிக்கு யார் ஐயா பொறுப்பு?" என்று கேளுங்கள்.

வேதத்தில் 1 இராஜாக்கள் 19இல், சூரைச்செடியின் கீழ்ப் படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தவரை இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடவைத்தான். செத்தால் போதும் என்ற எலியாவின் எண்ணம் உங்களுக்கும் வந்தால் ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி-மானஸுக்கு இன்றே பேசுங்கள். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.