கார் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன், அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே கோளாறைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 எம்எம் ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள், சாவியைத் திருப்ப இன்னொரு ஆள். பெரும்பாலான கோளாறுகளுக்கு இவ்வளவு போதும். சந்தேகத்தின் பேரில் முதலில் பேட்டரி, அதில் சரியாகாவிட்டால் செல்ஃப் மோட்டார் (சாவியைத் திருப்பியதும் இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்), பிறகு பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில்தான் பணம் கரைகிறது. அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்) வைத்து, ஹெட்லைட்டை எரியவிட்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ‘டக டக டக’ என்று வேகமாகச் சத்தம் வந்து விளக்கு மங்கினால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் (பேட்டரியில் கேபிள் மாட்டும் இடம்) சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, விளக்கு மங்காமல் எரிந்தால் செல்ஃப் மோட்டாரையோ அதற்குப் போகும் கேபிளையோ சந்தேகப்படலாம். விளக்கு நன்றாக எரிந்தும் சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் செல்ஃபுக்கு சிக்னலே போய்ச் சேரவில்லை. செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். அது பெட்ரோல் அல்லது தீப்பொறி விவகாரம். கார் வெள்ளத்தில் நின்றிருந்தால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளைந்துவிடலாம்.

பேட்டரியிலிருந்து தொடங்குவோம். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து இரண்டு முனைகளையும் அளந்து பாருங்கள். சில மணி நேரம் சும்மா நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். இப்போதுதான் சார்ஜ் செய்திருந்தால் இந்த எண்ணை நம்ப வேண்டாம். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளந்து பாருங்கள். இதைவிட முக்கியமானது செல்ஃப் அடிக்கும்போது வரும் எண். அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் பலம் இல்லை. சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் 7, 8 என்று விழுந்தால் பேட்டரி பெரும்பாலும் ஆயுள் முடிந்தது. முதலில் காட்டியதே 11.8 என்றால் தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல், முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் திணறினால், வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. பலரும் தவறவிடும் இடம் இதுதான். பேட்டரியின் ஈயக் குமிழில் மீட்டரின் ஒரு முனையையும், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் மறு முனையையும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த இரண்டுக்கும் இடையே இருக்கும் அழுக்குதான் குற்றவாளி. வெளியிலிருந்து பார்த்தால் டெர்மினல் பளபளப்பாகவே தெரியும். அடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலிருந்து இன்ஜினின் வெற்று உலோகத்துக்கு அளந்து பாருங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிளோ (நெகட்டிவ் குமிழை இன்ஜினோடும் பாடியோடும் இணைப்பது) அதன் போல்ட்டோ சரியில்லை. பாசிட்டிவ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த முனைக்கு அளந்தால் 0.5-க்குள் இருக்க வேண்டும். மீட்டர் ஒயர்கள் ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்ஃப் கரண்ட் இழுக்கும்போதுதான் இந்த அளவுகளுக்கு அர்த்தம் உண்டு. ‘டக்’ சத்தம் கேட்கிறது, முனையில் 12 வோல்ட் அசையாமல் நிற்கிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் கோளாறு செல்ஃபுக்குள்ளேயே. அதன் உடம்பில் ஒரு மரக்கட்டையால் லேசாகத் தட்டியபடி சாவியைத் திருப்பும்போது சுற்றினால், உள்ளே சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரஷ் மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முழு மோட்டார் தேவைப்படாமல் போகலாம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றித் தேய்த்துக் கழுவி, உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேயுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில். வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும். பேட்டரி அருகில் தீ, சிகரெட் கூடவே கூடாது.

சத்தமே இல்லாத காருக்கு: ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலில் வைத்துப் பாருங்கள், மேனுவல் என்றால் கிளட்சை முழுதாக மிதியுங்கள். ஃப்யூஸ் பெட்டியில் செல்ஃப் ரிலேயும் ஹாரன் ரிலேயும் (ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) ஒரே எண் கொண்டவையாக இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள், காசே செலவில்லை. டேஷ்போர்டில் சாவிப் படம் சிமிட்டிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புக் கருவி) சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவியால் முயலுங்கள்.

செல்ஃப் சுற்றியும் பிடிக்காத பெட்ரோல் காரில், சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்து பின்சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். பெரும்பாலான கார்களில் பம்ப் இரண்டு வினாடி ‘உர்’ என்று ஓடி நிற்கும். ஓடவில்லை என்றால் அதன் ஃப்யூஸ், ரிலே, பிறகுதான் பம்ப். பெட்ரோல் நாற்றம் தூக்கலாக இருந்தால் ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பல இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும், நனைந்த பிளக் காயும். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள். நடுவே ஒரு நிமிடம் விடுங்கள், இல்லையென்றால் செல்ஃப் சூடேறிக் கருகும். ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரில் இருக்கும் கோளாறுக் கோடுகளைப் படிக்கும் கருவி) இரவல் கிடைத்தால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது) பாருங்கள். இன்ஜின் சுற்றும்போதும் அது பூஜ்யத்திலேயே நின்றால் இன்ஜின் சுற்றுவதை கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை முதலில் சந்தேகிக்கலாம். பி0335 என்ற கோளாறுக் கோடும் அந்த சென்சாரின் மின்சுற்றைத்தான் காட்டும்.

செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் ‘விர்’ என்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள். வால்வுகளை பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் அடித்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதும். இது மெக்கானிக்கின் வேலை.

சார்ஜ் ஏற்றினால் ஓடுகிறது, இரண்டு நாளில் மறுபடி படுத்துக்கொள்கிறது என்றால், முதலில் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) அல்லது அதைச் சுற்றும் பெல்ட். வந்தால், கார் நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்ட்டைத் தின்கிறது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் குமிழுக்கும் நடுவே வையுங்கள். கதவுகளை மூடி அரை மணி நேரம் பொறுங்கள், கம்ப்யூட்டர்கள் தூங்க வேண்டும். இந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அதிகமாக இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் சடாரென்று விழுகிறதோ அந்த மின்சுற்றில்தான் கசிவு. அது எந்தப் பொருளுக்கானது என்பது பெரும்பாலும் ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கமே அச்சிட்டிருக்கும்.