வேர்வை என்றாலே தண்டனையா?

கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு வயது 33. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகமானதால் போன வருடம் மனைவி, குழந்தையோடு ஊருக்கே வந்துவிட்டோம். எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். 67 வயதிலும், காலை இழுத்துக்கொண்டாவது, விடியும் முன்னே மம்பட்டியோடு கிளம்பிவிடுகிறார் அப்பா. நான் காலையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதோடு சரி.

சமீபத்தில் ரத்தப் பரிசோதனை செய்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. கல்லீரலில் கொழுப்பும் இருக்கிறதாம். டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "உடம்பை அசைக்கிற வழியைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே பயிற்சியாளர் வாட்டி எடுத்துவிட்டார். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. கொஞ்ச நாளில் நின்றுவிட்டேன். அப்புறம் வண்டியில் போய் மன்னார்குடி தெப்பக்குளமான ஹரித்ரா நதியின் கரையைச் சுற்றி நடந்து பார்த்தேன். காலையில் அலாரம் அடித்ததுமே வயிற்றுக்குள் ஏதோ கனக்கிறது. நடக்கும்போதும் எப்போது முடியும் என்பதே நினைப்பு. அப்பாவுக்குத் துணையாக வயலில் இறங்கினாலும் இதே கதைதான்.

சின்ன வயதில் வீட்டில் அடிக்கடி சொல்வார்கள்: "படிக்கலன்னா இந்தச் சேத்துலதான் கெடக்கணும்." பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களை பி.டி. வாத்தியார் கிரவுண்டைச் சுற்றி ஓட விடுவார். நான் குண்டு. எப்போதும் கடைசியாகத்தான் வருவேன், எல்லாரும் சிரிப்பார்கள்.

மனைவி "பாசிட்டிவா நெனச்சுக்கங்க, தானா பிடிச்சுப் போயிடும்" என்கிறாள். கண்ணாடி முன் நின்று "எனக்கு உடற்பயிற்சி பிடிக்கும்" என்று தினமும் சொல்லிப் பார்த்தேன். எனக்கு நானே பொய் சொல்கிற மாதிரி இருந்தது. அப்பா வயலிலிருந்து திரும்பும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு தெரிகிறது. அது எனக்கு ஏன் வரவில்லை? உழைப்பை ரசிப்பது பிறவிக் குணமா? இந்த மனதை மாற்ற முடியுமா?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், மன்னார்குடி வட்டம்

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

மாற்ற முடியும். ஆனால் கண்ணாடி முன் நின்று மாற்ற முடியாது. அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பிடிக்காத ஒன்றைப் பிடிக்கும் என்று வாய் சொன்னால், மனம் உடனே எதிர்வாதம் பண்ண ஆரம்பிக்கும். மனதுக்கு வார்த்தை போதாது, அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தை எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் பேசப் போகிறேன்.

முதலில் உங்கள் சின்ன வயது. உங்களுக்குத் தெரிந்த உடல் உழைப்பு இரண்டே வகை: படிக்காதவனுக்குக் கிடைக்கும் சேறு, வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குக் கிடைக்கும் ஓட்டம். இரண்டுமே தண்டனை, இரண்டிலும் அவமானம். இப்படி வளர்ந்த ஒருவருக்கு அலாரம் அடித்ததும் வயிறு கனக்காமல் எப்படி இருக்கும்? இதற்குப் பெயர் சோம்பேறித்தனம் இல்லை. பல வருடங்களாக உங்கள் உடம்பு மனப்பாடம் செய்து வைத்திருக்கிற பாடம் இது.

அப்பா அம்மா மேல் கோபப்படவும் வேண்டாம். நீங்கள் பள்ளியில் படித்த காலம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். 2002, 2003 இரண்டு வருடமும் காவிரி பொய்த்து, டெல்டாவில் குறுவை இல்லாமல் போனது. நிலம் வைத்திருந்தவர்கள் கடனில் தவித்ததைப் பார்த்த எந்தப் பெற்றோரும் பிள்ளையை அந்தச் சேற்றிலிருந்து தூக்கிவிடத்தான் நினைத்திருப்பார்கள். அவர்கள் பயந்தது வறுமைக்கு. உங்கள் பிஞ்சு மனதில் பதிந்ததோ மம்பட்டி மேல் பயம். இப்போது உங்களுக்குச் சம்பளம் வருகிறது, படிப்பும் முடிந்தது. அந்த மிரட்டலுக்கு இனி வேலை இல்லை. இதை ஒருமுறை அப்பாவிடமே வாய்விட்டுப் பேசுங்கள். அவர் எதிர்பார்த்திருக்கவே மாட்டார்.

அடுத்து ஜிம். அங்கே நடந்ததற்கு உங்கள் மனதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பழக்கம் இல்லாத உடம்புக்குத் திடீரென்று பெரிய பாரம் கொடுத்தால், 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தசை வலி உச்சத்துக்குப் போகும். அது யாருக்கும் வருவதுதான். மூச்சு வாங்க வாங்கச் செய்கிற வேகத்தில் கிட்டத்தட்ட எல்லாருக்குமே இன்பம் குறைந்துகொண்டே போகும் என்பதை உடற்பயிற்சி உளவியலில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். அங்கே பாசிட்டிவ் எண்ணத்தால் அதிகம் சாதிக்க முடியாது. அதனால் எண்ணத்தைத் தொடும் முன் வேகத்தைக் குறையுங்கள். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் உங்களுக்கு இப்போதைக்குச் சரியான வேகம். மனைவியையும் கூட்டிப் போங்கள், இந்தச் சோதனைக்கு ஆள் வேண்டுமே. தெப்பக்குளம் ஏறத்தாழ 23 ஏக்கர். நாலு கரையும் ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆரம்பத்துக்கு ஒரு சுற்றே போதும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2011இல் கனடா ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்று மக்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள், முடித்த பிறகும் கேட்டார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே அவர்களுக்குப் பிடித்திருந்தது. முன்னால் குறைத்து மதிப்பிட்டதற்குக் காரணம், பயிற்சி என்றதும் மனம் அதன் ஆரம்ப நிமிடங்களை மட்டும் நினைத்துக்கொள்வதுதான். படுக்கையை விட்டு எழுவது, செருப்பைத் தேடுவது, முதல் பத்து நிமிட இறுக்கம், இவைதான் கண் முன் நிற்கின்றன. ஆக, அலாரம் அடிக்கிற நேரத்தில் உங்கள் மனம் தருகிற தீர்ப்பு நம்பத்தக்கது அல்ல. அந்த நேரத்தில் "பிடிக்குதா, பிடிக்கலையா" என்ற கேள்வியையே கேட்காதீர்கள். எழுந்து வாசலைத் தாண்டுங்கள்.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன், இன்றைக்கு எவ்வளவு பிடிக்கும் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். திரும்பி வந்து, குளிக்கும் முன், இன்னொன்று போடுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இரண்டு என்றால் இரண்டு, ஒன்று என்றால் ஒன்று. யாரிடமும் காட்ட வேண்டாம். பக்கத்தில் ஒரு வரி: எது நன்றாக இருந்தது? பாமணி ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்றா, மனைவியிடம் பேசியதா, திரும்பி வந்து குடித்த டீயா, எதுவானாலும் சரி. என்னிடம் வருபவர்களுக்கு நான் அதிகம் கொடுக்கிற வீட்டுப்பாடம் இதுதான். இரண்டாவது எண் முதல் எண்ணைத் தாண்டுகிற நாட்கள் கூடக் கூட, மனம் தானாகவே தன் தீர்ப்பைத் திருத்திக்கொள்ளும். அந்த எண்கள் உங்கள் கைப்பட எழுதியவை என்பதால் அவற்றோடு அது வாதம் பண்ணாது.

அப்பாவின் முகத்துக்கு வருவோம். அந்தத் தெளிவு சேற்றிலிருந்து வரவில்லை, தம்பி. அவருக்கு அந்த வேலை தெரியும், அதிலிருந்து வருகிறது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஒரு வேலை உள்ளிருந்து இனிக்க வேண்டுமானால் அது நாமே தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும், அதில் நம் கை தேறி வருவது தெரிய வேண்டும், கூட மனிதர்கள் இருக்க வேண்டும் என்றார்கள். நீங்கள் வயலில் இறங்கியது குற்ற உணர்ச்சியால். கையில் வேலையும் இல்லை, வேலைக்காரர்கள் நடுவே நின்றுகொண்டிருந்திருப்பீர்கள். எப்படி இனிக்கும்?

ஒரே ஒரு வேலையை அப்பாவிடம் கேட்டு வாங்குங்கள். என் யோசனை, அண்டை வெட்டுவது. வரப்பின் ஓரத்துப் புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, வயல் பக்கத்துச் சேற்றை ஒரு வெட்டு வெட்டி, அள்ளி வரப்பின் விலாவில் அப்பி, மம்பட்டியின் முதுகால் இழுத்து மெழுகிவிடும் வேலை. நண்டு வளையும் எலி வளையும் அடைபடும், தண்ணீர் நிற்கும். புதிதாகச் செய்பவர்கள் தோளால் வெட்டுவார்கள், பத்து நிமிடத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். அப்பா எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், ஒரு கால் முன்னால் இருக்கும், மம்பட்டி அதன் சொந்தப் பாரத்தில் இறங்கும். இழுக்கும்போதுதான் உடம்பு சாயும். முதல் நாள் நீங்கள் மெழுகிய வரப்பு கோணல் மாணலாக இருக்கும். நான்கைந்து முறை இறங்கிய பிறகு எது உங்கள் கை, எது அப்பாவின் கை என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டம்தான் ரசனை தொடங்கும் இடம். அரை மணி நேரம் போதும், வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். அப்பாவின் முழங்காலுக்கும் அந்த அரை மணி ஓய்வு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடவு வயலில் பெண்கள் பாடிக்கொண்டே நடுவதைப் பார்த்து "எவ்வளவு சந்தோஷமா உழைக்கிறாங்க" என்று சிலர் எழுதுகிறார்கள். பாட்டு களைப்பை மறக்க உதவும், கூட்டாகக் கைகள் ஒரே தாளத்தில் போவதில் ஓர் இன்பமும் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கூலிக்காக நாள் முழுக்கக் குனிந்து நிற்பவருக்கு "போதும்" என்று கரையேறும் உரிமை இல்லை. உங்களுக்கு இருக்கிறது. உங்களுக்கு உழைப்பு இனிக்கப் போவதில் அந்த உரிமைக்குப் பெரிய பங்கு உண்டு. நோட்டில் எட்டு மதிப்பெண் எழுதும் நாளிலும் இது நினைவில் இருக்கட்டும். வயலில் வேலை செய்பவர்களோடு பேசும்போது அது உங்கள் குரலில் தெரியும்.

"கம்ப்யூட்டர் படிச்சவன் மம்பட்டி புடிக்கிறான் பாரு" என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள். பள்ளி மைதானத்தில் கேட்ட சிரிப்பு அப்போது மறுபடி காதில் விழும். விழட்டும். "ஆமாண்ணே, அப்பாகிட்ட கத்துக்கிறேன்" என்று ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் யாரும் தொடர மாட்டார்கள்.

உடம்பு விஷயம் கொஞ்சம். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, உங்கள் 6.1 அதற்குள் வருகிறது. தசை வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இன்சுலினை எதிர்பார்க்காமலே இழுத்துக்கொள்ளும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உடனே லேப்டாப்புக்குப் போகாமல் பத்து, பதினைந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அதை ஒரே மாதத்தில் எட்ட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். சேற்றில் இறங்கும் முன் ரணஜன்னியைத் தடுக்கும் டிடி ஊசி போட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், காலில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் இறங்காதீர்கள்.

நடுவில் நாட்கள் விட்டுப் போகும். ஐப்பசி மழை பிடித்தால் கட்டாயம் விட்டுப் போகும். ஒரு பழக்கம் படிய எவ்வளவு நாள் ஆகும் என்று லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது, 2010இல் வெளியானது. சராசரி 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப் போனது பெரிய பாதிப்பு எதையும் உண்டாக்கவில்லை. விட்ட நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு மடங்கு செய்யக் கூடாது. அது பழையபடி தண்டனையாகிவிடும்.

நடையும் வயலும் மட்டுமல்ல, குழந்தையின் விளையாட்டு, பிடித்த சாப்பாடு என்று எதிலுமே மனம் ஒட்டாமல், தூக்கமும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது வேறு விஷயம், மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தைப் படித்தவரை அப்படித் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். அந்த அளவு மாற அவ்வளவு காலம் பிடிக்கும். முடிவு வந்ததும் நோட்டில் இருக்கும் எண்களையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். ரத்தத்தின் எண்ணைவிட, கிளம்பும் முன் நீங்கள் போட்ட மதிப்பெண் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆவல்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்